சுண்டுவிரல் காட்டினால் ஓடி வராதே

என் அருமை அண்ணி,

பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டுக் கீழே நாலு வரி எழுதித் தரச் சொன்னார் அண்ணன். முதலாம் ஆண்டு நினைவு. எல்லாரும் போடுகிற மாதிரி ஒளி, வழி, விழி என்று முடிகிற வரிகள் போதும் என்றார். உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. எனக்கு உங்களிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதை நாலு வரிக்குள் அடைக்க முடியாது. அதனால் இப்படி, நாலு பேர் படிக்கிற இடத்தில் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். வெட்கப்பட வேண்டியிருந்தால் நீங்கள் படுங்கள்.

முதல் கேள்வி இது. அண்ணன் சொதி வைக்கிறார்.

வெந்நீர் போடத் தெரியாத மனுஷன். சில மாதங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போனேன், தேங்காய்ப்பால் திரியாமல், வெந்தயம் அளவாக, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்து அப்படியே உங்கள் கைப்பக்குவம். "யாருண்ணே சொல்லிக் கொடுத்தா?" என்றேன். "உங்க அண்ணிதான், வேற யாரு?" "எப்போ?" "இருக்கும்போதுதான்லா," என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவப் போய்விட்டார். இருக்கும்போது என்றால் எப்போது? கல்யாணமான நாளிலிருந்து அடுப்படிப் பக்கமே விடாத ஆளை எதற்குத் திடீரென்று உள்ளே விட்டீர்கள்?

எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது, உங்களுக்குத் தெரியும். வேலை அப்படி. இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்த்தவள். நொண்டிக்கொண்டு உள்ளே வந்தவன் திரும்பிப் போகும்போது படியில் எப்படி இறங்குகிறான் என்று ஜன்னலோரம் நின்று பார்ப்பேன். அப்படிப்பட்ட என் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எப்படி என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே எனக்குச் சந்தேகம்தான். உங்கள் தாத்தா ரப்பர்த் தோட்டத்துக் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதியவர். என் தாத்தா பால்மரம் வெட்டியவர். சிலோன்காரப் பிள்ளை, படித்த பிள்ளை, கூலிக்காரர் லயத்தில் வளர்ந்த எங்கள் அண்ணனிடம் என்ன கண்டது என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு, "சும்மா இருடி" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். பல வருஷம் கழித்து என் கையில் டென்னிஸ் ராக்கெட்டைக் கொடுத்து, "கூட ஆட ஆளில்ல, வாயேன் கலா," என்றீர்களே, அன்றைக்கும் பந்து பொறுக்க ஆள் தேடுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

ஈப்போ கிளப்பில் எல்லாரும் பார்க்க நான் பந்தை வேலிக்கு வெளியே அடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தேன். உடனே என்னை எங்கே கூட்டிப் போனீர்கள்? நான் பிறந்த தோட்டத்துக்கு. சுங்கை சிப்புட் தாண்டி, ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட இடம். லயங்கள் போய்விட்டன. கிராணிமார் ஆடிய சிமெண்டுக் கோர்ட் மட்டும் விரிசலும் புல்லுமாகக் கிடந்தது. சின்ன வயதில் அந்த வேலிக்குள் எங்களுக்கு வேலை கிடையாது. "உங்க தாத்தா ஆடின எடத்துல என்னைக் கொண்டாந்து நிறுத்தி வேடிக்கை பாக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா இங்க ஆடினதே இல்ல. துரைமாருக்கு ஸ்கோர் சொல்ற ஆளு அவரு. வா, வலையோட அந்த மூலையை இழுத்துக் கட்டு."

கோட்டில் நின்று பந்தைத் திருப்பித் திருப்பி அடிக்கிற ஆள் நான் இல்லை. நாலு பந்துக்குள் எரிச்சல் வந்துவிடும், அடுத்ததை வானத்துக்கு அனுப்பிவிடுவேன். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தீர்கள். "உனக்குப் பொறுமை இல்ல. இல்லாத பொறுமைய எங்கேருந்து கொண்டாறது? சர்வ் போட்ட கையோட வலைக்கு ஓடி வந்துடு. திரும்பி வர்ற பந்து தரையில விழறதுக்கு முன்னாலயே வாலி அடிச்சு முடிச்சுடு." உங்களுக்கும் அது முழுசாகத் தெரியாது. இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்து கைப்பேசியில் பழைய ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டோம்?

ஓடி வருவது பெரிய விஷயமில்லை. நிற்பதுதான் விஷயம். எதிராளியின் ராக்கெட்டில் பந்து படுகிற நொடியில் நம் இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். அப்போதுதான் இடமோ வலமோ பாய முடியும். நீங்கள் உங்கள் ஜப்பான் சிலிப்பரைக் கழற்றிக் கோர்ட்டின் நடுவில் போட்டு, "இதுக்கிட்ட வந்ததும் நின்னுடணும்," என்றீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் அதை மிதித்துக்கொண்டு போய் வலையில் முட்டினேன். வார் அறுந்து, வெறுங்காலோடு கார் ஓட்டிக்கொண்டு வீடு வந்தீர்கள். ஒருநாள் நின்றேன். பந்து முழங்கால் உயரத்துக்கு வந்தது. வீசாமல், ராக்கெட்டைச் சும்மா நீட்டினேன். அது போய் அந்தக் கோடி மூலையில் விழுந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

அப்புறம் டபுள்ஸ். நான் பின்கோட்டிலிருந்து சர்வ் போட, நீங்கள் வலையருகே எனக்கு முதுகைக் காட்டி நிற்பீர்கள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, எதிராளிக்குத் தெரியாமல் எனக்குச் சைகை காட்டுவீர்கள். மூடிய கை என்றால் நான் இருக்கிற இடத்திலேயே இருப்பேன், நீ வந்து அடி. விரித்த கை என்றால் நான் குறுக்கே பாய்ந்து அடிப்பேன், நீ என் பக்கத்தைப் பார்த்துக்கொள். இதெல்லாம் ஊரறிந்தது. சுண்டுவிரல் மட்டும் நம் சொந்தக் கண்டுபிடிப்பு. அந்த அம்மா இப்போது தலைக்கு மேலே பந்தை லாப் தூக்கப் போகிறார், ஓடி வராதே என்று அர்த்தம்.

அந்த அம்மா என்றால் ராஜி டீச்சர். எப்போதும் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், உங்களைப் போலச் சிலோன்காரர். பந்து கோட்டில் பட்டதா என்று வலையைச் சுற்றி வந்து குனிந்து பார்ப்பார். நான் ஓடி வருவதைப் பார்த்தால் என் தலைக்கு மேலே லாப் தூக்கிப் போட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். சுண்டுவிரல் அவருக்காகவே நாம் போட்ட ரகசியம். உலகத்தில் நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்று என்று நான் நம்பியிருந்தேன்.

இனி அந்தக் கடைசி வருஷத்துக்கு வருகிறேன்.

முதலில் விரித்த கை நின்றுபோனது. எப்போது பார்த்தாலும் மூடிய கை. "ஏன் அண்ணி குறுக்கே போக மாட்டேங்கறீங்க? நான் ஒருத்தியே எவ்வளவுதான் ஓடுவேன்?" என்று கத்தினேன். "உன் வாலி நல்லா இருக்கு கலா, நீயே அடி," என்றீர்கள். புகழ்ச்சி வேறு. நீங்கள் என்னை லேசில் புகழ்கிற ஆளா?

அப்புறம் ஷூ லேஸ். ஒரு கேமுக்கு இரண்டு தடவை குனிந்து லேஸ் கட்டினீர்கள். அந்தப் பக்கம் இருந்தது யார்? கொஞ்சம் தாமதமானாலும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிற ராஜி டீச்சர். அவர் ஒன்றும் சொல்லாமல், தனக்கும் தாகம் என்று தண்ணீர் குடிக்கப் போவார். இது எங்கேயாவது நடக்குமா?

எல்லாவற்றையும்விட, பந்து. டீச்சரின் பந்து எல்லாம் எனக்கே வந்தது. நீங்கள் வலையருகே சும்மா நிற்கிறீர்கள், உங்கள் பக்கம் கோட்டோரமாக அடித்தால் சுலபமாகப் புள்ளி கிடைக்கும், அடிக்கவே மாட்டார். ஓடி வருகிற என் காலடியில்தான் போடுவார். என்னைத்தான் இளிச்சவாயாகப் பார்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களிடம் சொன்னேன். நீங்கள் வலையைப் பார்த்துக்கொண்டு, "அப்படியா? நான் கவனிக்கலியே," என்றீர்கள். அந்தக் 'கவனிக்கலியே'யை நான் அன்றைக்கே நம்பவில்லை.

ஆட்டம் முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் டீச்சரின் காருக்குள் உட்கார்ந்து, ஏர்கான் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேசுவீர்கள். எங்களோடு இருக்கும்போது எங்களைப் போலப் பேசுகிற நீங்கள், அந்தக் காருக்குள் மட்டும் "ஓம், ஓம்" என்று உங்கள் சிலோன் பேச்சுக்கு மாறிவிடுவீர்கள். நான் பக்கத்தில் வந்தால் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். ஒருநாள் கதவு பாதி திறந்திருந்தது. டீச்சர் கேட்டார்: "கலாவுக்கு எப்ப சொல்லப்போறீர்?" நீங்கள் சொன்னீர்கள்: "சொன்னா அவள் விளையாட வரமாட்டாள்."

நான் என்ன நினைத்திருப்பேன், நீங்களே சொல்லுங்கள். அடுத்த தீபாவளிப் போட்டிக்கு என்னைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் ஜோடி சேரப் போகிறீர்கள் என்று நினைத்தேன். கடைசியில் கிராணி வீட்டுப் புத்தி வந்துவிட்டது, லயத்துக்காரி எதற்கு, சிலோன்காரங்க ஒண்ணாச் சேர்ந்துட்டாங்க என்று நினைத்தேன். வீட்டில் பாத்திரத்தை உருட்டினேன். உங்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் கேட்கவில்லை. நீங்களே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

நீங்கள் சொல்லவில்லை. பாசாரில் மீன் கடைக்கு முன்னால் சாய்ந்துவிட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள். நேற்றுவரை நல்லாத்தானே இருந்தாங்க என்று நான்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் பக்கம் பதினாறாம் நாள், உங்கள் பக்கம் முப்பத்தொன்றாம் நாள். அண்ணன் இரண்டையும் செய்தார். பதினாறாம் நாளில் டீச்சர் வந்தார். படத்துக்குப் பூப் போட்டார். அப்புறம் யாரையும் கேட்காமல் உங்கள் அறைக்குப் போய், ராக்கெட் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, எதையோ எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் வாசலில் நின்று அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் பாயாசக் கிண்ணத்தோடு கூடத்தில் நின்றேன். உங்கள் பையைத் திறக்க இந்த அம்மா யார்? எந்த ஜிப் என்று தேடாமல் எப்படிக் கை போனது?

அதற்கப்புறம் நான் கிளப் பக்கமே போகவில்லை. மழைக்காலம் வந்து போனது. திடீரென்று ஒருநாள் டீச்சர் போன் பண்ணினார். "கலா, இந்த முறை போட்டிக்கு நீர் என்னோட சோடி சேருவீரோ?"

ஆகா என்று இருந்தது எனக்கு. தானாக வந்து மாட்டுகிறாரே! ஒத்துக்கொண்டேன். ஆடுவதற்கு இல்லை அண்ணி, கையும் களவுமாகப் பிடிப்பதற்கு.

ஞாயிறு காலை. கோர்ட்டில் முந்தின நாள் மழையின் ஈரம். எதிரே கிளப்பில் ஆடுகிற இரண்டு சீனப் பெண்கள். நான் பந்தைத் தரையில் தட்டிவிட்டு நிமிர்ந்தேன். நீங்கள் நிற்கிற இடத்தில், உங்களைப் போலவே முதுகைக் காட்டிக்கொண்டு டீச்சர் நின்றார். கையைப் பின்னால் கொண்டுவந்தார். சுண்டுவிரலை நீட்டினார்.

என் கையிலிருந்த பந்து உருண்டு போனது. அப்புறம் வந்தது பாருங்கள் கோபம்! ராக்கெட்டைப் போட்டுவிட்டு நேரே வலைக்குப் போனேன்.

"இத உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"உம்மட அண்ணிதான்."

"எதுக்குச் சொல்லணும்? அது உங்களுக்கு எதிரா நாங்க போட்டது! எங்க ரகசியத்த உங்ககிட்டயே வித்துட்டுப் போயிட்டாங்களா? என்னைக் கழற்றிவிடத்தானே ரெண்டு பேரும் காருக்குள்ள உக்காந்து பேசினீங்க?"

எதிரே நின்ற பெண்கள் மெல்ல நழுவி வேலியோரம் போய்விட்டார்கள். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன பழுப்புநிறக் குப்பியை எடுத்து என் பக்கம் வைத்தார். அந்த மாதிரிக் குப்பியை நான் கிளெய்ம் வேலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை.

"பந்து வைக்கிற பையிலதான் வச்சிருந்தவ. உம்மட கண்ணில பட வேண்டாம் எண்டு பதினாறாம் நாள் நான்தான் எடுத்தனான்," என்றார்.

"எனக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"நீர் பின்னுக்கு நிண்டு அவவின்ட முதுகைப் பாத்தீர் கலா. நான் முன்னுக்கு நிண்டு முகத்தைப் பாத்தன். ஒருநாள் உதடெல்லாம் வெளிறிப் போச்சு. கேட்டன், சொல்லிப்போட்டா. உமக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சத்தியம் வாங்கினவ. அதுக்குப் பிறகு அவவின்ட பக்கம் பந்து அடிக்க எனக்கு மனம் வரேல்ல. எல்லாத்தையும் உமக்கே அடிச்சன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகிறாரா, துடைக்கத்தான் செய்கிறாரா என்று அப்போதும் உற்றுப் பார்த்தேன். என் புத்தி அப்படி.

"கடைசி மாசம் காருக்குள்ள வச்சு ஒவ்வொரு சைகையாக் காட்டித் தந்தா," என்றார். "'எனக்குப் பிறகு கலாவோட நீர் ஆட வேணும், அவளுக்குப் பொறுமை இல்லை, சர்வ் போட்டிட்டு ஓடி வருவாள், முன்னுக்கு ஆள் இல்லாட்டி விழுந்திடுவாள்' எண்டவ. 'நான் உங்களுக்கு எதிராத்தானே ஆடுறன், எனக்கெதுக்கு?' எண்டன். 'அதாலதான் உமக்குச் சொல்லித் தாறன், நீர்தான் அவளின்ட ஓட்டத்தை வடிவாப் பாத்தனீர்' எண்டு சொன்னவ."

அப்படியானால் நான் சந்தேகப்பட்டது எல்லாம் உண்மைதானே அண்ணி? இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் பேசி வைத்தீர்கள். பந்தை என் பக்கமே திருப்பினீர்கள். நம் ரகசியத்தை எதிராளியிடம் கொடுத்தீர்கள். எனக்கு வேறு ஜோடியும் பார்த்து வைத்தீர்கள். ஒன்றுகூட நான் தப்பாகக் கண்டுபிடிக்கவில்லை. எதற்காக என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். குப்பியை மேசையில் வைத்தேன். பார்த்தார், துருவுவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்கும் தெரியுமாண்ணே?"

"தெரியும்லா."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்லலே? நான் என்ன வேத்தாளா?"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்பே?"

"ஷூவ எடுத்து ஒளிச்சு வச்சிருப்பேன். கோர்ட்டுப் பக்கமே விட்டிருக்க மாட்டேன்."

"அதான்," என்றார் அண்ணன். "டாக்டர் ஆடாதேன்னுதான் சொன்னாரு. கேக்கலியே. 'வலைகிட்ட சும்மா நிக்கிறேன், கலா ஓடிக்குவா'ன்னு சொல்லிட்டா. வீட்டுல நான் அவளப் பீங்கான் தட்டு மாதிரி பாத்தேன். டீச்சரும் அப்படித்தான். நீ ஒருத்திதான், 'ஏன் அண்ணி மரம் மாதிரி நிக்கறீங்க, ஓடுங்க'ன்னு கத்துவே. திட்டு வாங்கிட்டு வீட்டுக்கு வந்து சிரிப்பா. உன்கூட ஆடறப்ப மட்டும்தான் அவ நோயாளியா இல்லாம இருந்தா. அத எடுத்துடாதேன்னு என் கையப் புடிச்சுக் கேட்டா."

அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் அழுதேன். அப்புறம் சொதி சாப்பிட்டோம். சொதி எப்போது கற்றுக்கொடுத்தீர்கள் என்று நான் திரும்பக் கேட்கவில்லை.

ஆனால் உங்களிடம் கேட்பேன். என்னிடம் சொல்லாமல் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நான் கத்துவேன்தான், ஷூவை ஒளிப்பேன்தான், அழுது ஊரைக் கூட்டுவேன்தான். ஆனாலும் ஒருநாளாவது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பேனே? அந்த ஒரு நாளை எனக்குத் தராமல் போய்விட்டீர்கள். உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தாலும், அதுதான் உங்களுக்குப் பிடித்திருந்தது என்கிறார் அண்ணன். நான் எதற்கென்று கேட்பது?

இன்னும் என்னென்ன ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மா எனக்குக் கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். "யாரு கொடுக்கச் சொன்னா?" என்று கேட்டேன். பாவம், பயந்துபோய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரோடு ஆடுகிறேன். நான் ஓடி வருகிறேன், சிலிப்பர் கிடந்த இடத்தில் நிற்கிறேன். டீச்சர் விரித்த கை காட்டிவிட்டுப் பாயாமல் நின்றுவிடுகிறார், கேட்டால் கணக்குத் தப்பிவிட்டது என்கிறார். சண்டை போடுகிறோம். போன வாரம் அவர் குனிந்து லேஸ் கட்டினார். நான் சர்வ் போடாமல் ராக்கெட்டோடு வலைவரைக்கும் நடந்துபோய், அவர் முகத்துக்கு நேரே நின்று பார்த்தேன்.

"என்ன பாக்கிறீர்? லேஸ் அவிழ்ந்துபோச்சு, அவ்வளவுதான். நான் நல்லாத்தான் இருக்கிறன்."

"அத நீங்க சொல்ல வேணாம் டீச்சர். நான் பாத்துச் சொல்றேன்."

உதடு சிவப்பாகத்தான் இருந்தது அண்ணி. திரும்பி வந்து சர்வ் போட்டேன்.

இனி எனக்கு முன்னால் யார் நின்றாலும், என்ன சைகை காட்டினாலும், முதலில் போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பந்தை மேலே போடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்களை இன்னும் முழுசாக நம்பாத,
உங்கள் நாத்தனார்
கலா
ஈப்போ